வெள்ளிக்கிழமை குளித்த நாற்காலிகள்

1

ஒருவர் அன்பாகச் செய்த வேலையே ஒரு பொருளைக் கெடுத்துவிட்டது என்றால், அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அந்த ஒருவர் மாமியாராக இருந்தால்?

சில வாரங்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இந்தக் கேள்வியோடுதான் பாத்திரம் கழுவுகிறேன். என் கணவரிடம் கேட்டால், "இதெல்லாம் ஒரு விஷயமா, விடு" என்கிறார். விட்டால் ஜனவரியில் வேறொருவர் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை மொழிபெயர்க்கப் போகிறவள் என் ஆறு வயது மகள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை வேறு இருக்கிறது, பிப்ரவரியில் பிறக்க வேண்டும்.

நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இது நான்காவது குளிர்காலம். கணவருக்குக் காற்றாலை நிறுவனம் ஒன்றில் வேலை. நான் திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இங்கே மொழித் தேர்வு எழுதி முடிக்காமல் எந்தப் பள்ளியும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால், வகுப்பறையில் கரும்பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து டேனிஷ் படிக்கிறேன். எங்கள் மகள் இனியா. இங்கே வரும்போது தமிழில் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்கிறாள். நான் டேனிஷில் பேசினால், கடையென்றும் பாராமல் நிறுத்தி, என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது எங்களிடம் இரண்டு பெட்டியும் ஒரு பிரஷர் குக்கரும்தான் இருந்தன. மேல்மாடியில் தனியாக இருக்கும் இங்கர் என்ற அம்மையார் வந்து பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மறுநாள் தன் கிடங்கறையில் இருந்த ஆறு நாற்காலிகளை இறக்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தேவைப்படும்போது கேட்கிறேன், அதுவரை நீங்கள் உட்காருங்கள் என்றார். தரையில் உட்காருவது எங்கள் பழக்கம், நாற்காலி இல்லாத குறையல்ல என்று சொல்லுமளவுக்கு அப்போது எனக்கு மொழி போதாது. நன்றி மட்டும் சொன்னேன்.

அந்த ஆறு நாற்காலிகளை இந்த நவம்பரில் அவர் கேட்டார். அவருக்கு எழுபத்தைந்தாம் பிறந்தநாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள், எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இங்கர்தான் எனக்கு வகுப்பு நீளும் நாட்களில் இனியாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். பள்ளிப் பதிவில் எங்கள் இருவரைத் தவிர பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ள ஒரே பெயர் அவருடையது. இந்த நாட்டில் எங்களுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான்.

அவர் கேட்டபோது ஆறில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

2

நம் ஊரில் நான் பார்த்து வளர்ந்த நாற்காலிகள் எல்லாம் இரும்பு மடக்கு நாற்காலி, ஒயர் நாற்காலி, பந்தல்காரர் வண்டியில் அடுக்கிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் நாற்காலி. எதுவானாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவில் இருக்கிறது என் கணவர் வீடு. அங்கே விசேஷம் முடிந்த மறுநாள் காலையில், பம்புசெட்டைப் போட்டுவிட்டு, நாற்காலிகளைத் தொட்டியோரம் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பார்கள். மத்தியானத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும்.

இங்கரின் நாற்காலிகள் வேறு விதம். காகிதம்போல் சீவிய மரத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசைபோட்டு ஒட்டி, அச்சில் வைத்து அழுத்தி வளைத்த பிளைவுட். உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் ஒரே துண்டு, அலைபோல் வளைந்து போகும். கீழே மெல்லிய இரும்புக் கால்கள். மேலே தெரிவது வெனீர் என்கிற நல்ல மரத்தின் ஏடு, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மரத்தில் குடைந்தது போலிருக்கும். விளிம்பைக் குனிந்து பார்த்தால்தான் அடுக்குகள் தெரியும். இங்கரும் அவர் கணவரும் கல்யாணமான புதிதில் வாங்கியவை. அந்தக் காலத்துப் பசைக்கு எதிரி தண்ணீர். வெந்நீர் என்றால் பெரிய எதிரி. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

போன ஜனவரியில் அத்தை முதல் முறையாக வந்தார். வந்த மறுநாளே வெள்ளிக்கிழமை. விடிந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியைத் தேடினார். வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவாமல் அத்தை விளக்கேற்றியதே இல்லை. என் கணவர் ஓடிவந்து, இது மரத்தரை, தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டுக்காரர் கூரையில் இறங்கிவிடும் என்று சொன்னார். அத்தை தரையை ஒருமுறை பார்த்தார், வாளியை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "வூட்டுக்கு ஒரு நாள்கூட தண்ணி காட்டமாட்டீங்களா? அப்ப எப்படிடா வெளக்கு வைக்கிறது?"

அவருக்கு வருத்தம்தான், ஆனால் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு தரையில் ஒரு சொட்டு தண்ணீர் சிந்தியதில்லை. நாங்கள் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வகுப்பு காலையிலேயே தொடங்கி மதியம் தாண்டி முடியும். திரும்பி வரும்போது வீடு ஊதுவத்தி வாசனையோடு இருக்கும், அத்தை குளித்துத் தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் நிறைவு இருக்கும். அவருக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை என்று பாதி வழியில் செய்தி வந்து திரும்பினேன். ஹீட்டரை ஒட்டி ஆறு நாற்காலிகளும் முதுகு காட்டி வரிசையாக நின்றன. கீழே துண்டு விரித்திருந்தது. குளியலறையில் ஷவர் ஓடிய ஈரம்.

தரைக்குத்தானே தடை. நாற்காலியைக் கழுவக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் கழுவுவதற்கு மிச்சமிருந்தது அவைதான். வாராவாரம் ஒவ்வொன்றாகக் குளியலறைக்குத் தூக்கிப்போய், வெந்நீர் விட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, குளிரில் காயாதே என்று ஹீட்டரோரம் நிறுத்தியிருக்கிறார். இனியா பள்ளி விடுமுறையில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் அவளும் கூட நின்று மக்கில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை சொன்னார்: "பெரியவ வூட்ல என்னைத் தண்ணியத் தொட வுடறதில்லம்மா. டைல்சுல வழுக்கி வுழுந்துடுவீங்கன்றா. அவ சொல்றதும் ஞாயந்தான், ஒருவாட்டி வுழுந்தேன். இங்கயாச்சும் ஒரு வெள்ளிக்கெழமை, வெள்ளிக்கெழமை மாதிரி கீது."

பெரியவள் என்றால் என் ஓரகத்தி. மாமா போன பிறகு நிலமும் வீடும் மூத்த மகன் பெயருக்கு மாறின. பழைய சிமெண்ட் தரையை எடுத்துவிட்டு வழவழவென்று டைல்ஸ் போட்டார்கள். கழுவ ஓர் ஆள் வருகிறாள். அத்தை கூடத்தில் உட்கார்ந்து கால் தூக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவரிடம் நான் என்ன சொல்வது? இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்குப் போகப்போகிறார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரலில் அவரை விமானம் ஏற்றினோம். கோடைக்குள் விளிம்புகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. இரண்டு நாற்காலிகளில் மேல் வெனீரே கொப்புளித்து வெடித்தது. ஒருநாள் இனியாவின் கால்சட்டை ஒரு சிலும்பில் மாட்டிக் கிழிந்தது.

3

பழைய நாற்காலி செப்பனிடும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். வசந்த காலத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். புதிதாக அதே போல் வாங்கிவிடலாம் என்றார் கணவர். அதே போல் என்று ஒன்று இருந்தால்தானே. இங்கர் அந்த நாற்காலிகளின் அடியில் கைவைத்தே எது எது என்று சொல்லக்கூடியவர்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நிலவறையில் ஒரு மரப்பட்டறை உண்டு, குடியிருப்போர் யாரும் பயன்படுத்தலாம். நம் ஊர்த் தாலுகா ஆபீஸில் நின்று பழகியவளுக்கு இந்த ஊர் அலுவலகங்கள் எளிது என்று வந்த புதிதில் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அங்கே ஓர் ஆளாவது இருப்பார், கெஞ்சலாம். இங்கே கெஞ்ச முகம் இல்லை. பட்டறைச் சாவி அட்டை வாங்க இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க மின்அடையாளம் வேண்டும். என் மின்அடையாளம் குடியிருப்பு அனுமதி அட்டை புதுப்பித்தலில் மாட்டிக்கொண்டு முடங்கியிருந்தது. கணவர் பெயரில் வாங்கலாமா என்றால், பட்டறையில் வேலை செய்பவர் யாரோ அவர்தான் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். வட்ட ரம்பத்தின் ஆபத்துகள் பற்றி முழு மாலை. நான் தொடப்போவது கத்தியும் பசையும்தான் என்று எவ்வளவு சொல்லியும் விதிவிலக்கு இல்லை.

பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் போவுல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நேர விஷயத்தில் அவர் இன்னும் பஸ்தான் ஓட்டுகிறார். மூடும் நேரம் வந்தால் கையில் பசை இருந்தாலும் விளக்கை அணைப்பார். பசைக்கு டேனிஷில் என்ன சொல்வது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். நான் ஒரு வாக்கியத்தைப் பாடுபட்டு முடிப்பதற்குள் அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவியாகத்தான் மாறுகிறார். எனக்கு அழுகை வரும்.

பசை நாற்றம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா என்று வேறு பயம். மருத்துவச்சியிடம் கேட்டேன். தண்ணீரில் கரையும் பசைதான், ஜன்னலைத் திறந்துவையுங்கள், கவலை வேண்டாம் என்றார். இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புட்டியைத் திறந்தேன். மூச்சைப் பிடிப்பது பிள்ளைக்கு ஆகுமா என்று பிறகு கவலைப்பட்டேன்.

நான்கு நாற்காலிகள் சுலபம். விளிம்பு பிளந்த இடத்தில் ஊசிக்குழாயால் பசையைச் செலுத்தி, கிடுக்கிப் பிடியால் இறுக்கி ஒருநாள் விட்டால் போதும். வெனீர் வெடித்த இரண்டுதான் படுத்தின. பழைய ஏட்டை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிக் கத்தியால் உரித்தெடுக்க வேண்டும். பிறகு புது ஏட்டைப் பெரிதாக வெட்டி, லேசாக ஈரம் காட்டி, பசைபோட்டு, வளைவில் படியவைத்து, காயும்வரை எல்லா இடத்திலும் ஒரே சீராக அழுத்தம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் வீடியோக்களில் பார்த்தது. வீடியோவில் எவருக்கும் எதுவும் நழுவுவதில்லை.

முதல் தடவை, பசை ஒட்டாமல் இருக்கச் செய்தித்தாள் விரித்து, பலகை வைத்து இறுக்கினேன். நம் வீடுகளில் எந்த வேலையானாலும் கீழே செய்தித்தாள் விரித்துத்தானே பழக்கம். பலகை நேர், நாற்காலி வளைவு. பலகை தொடாத பள்ளத்தில் ஏடு காற்றைக் குடித்துப் பூரிபோல் உப்பிக்கொண்டது. தொட்ட இடத்திலோ பசை கசிந்து செய்தித்தாள் ஒட்டிக்கொண்டது. தாளைக் கிழித்தால், உட்காரும் இடத்தில் டேனிஷ் எழுத்துகள் தலைகீழாகப் படிந்திருந்தன. ஓர் உள்ளூர் கைப்பந்து அணி தோற்ற செய்தி என்று இனியா பின்னாலிருந்து படித்துச் சொன்னாள். நான் அன்று அவளைத் திட்டிவிட்டேன். உரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

வளைவில் படிய மணல் மூட்டை வைக்க வேண்டும் என்றார் போவுல். பட்டறையின் மணல் மூட்டைகளை யாரோ எடுத்துப்போய்த் திருப்பவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மணல் இருந்தது, மழையில் ஊறிக் கூழாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோது, அடித்தட்டில் துணிப் பையில் சாமை இருந்தது. போன தடவை அத்தை கொண்டுவந்தது. இனியா வாயில் வைக்கமாட்டேன் என்றதால் அப்படியே கிடந்தது. பையை நாற்காலி மேல் வைத்துப் பார்த்தேன். முதுகிலிருந்து இருக்கைக்கு இறங்கும் மடிப்பில் சாமை தானாக ஓடி நிரம்பி, உள்ளங்கை படிவதுபோல் படிந்தது. ஒரு பழைய தலையணை உறையில் இன்னொரு பை செய்தேன். மேலே அகராதிகள், குக்கர், இட்லி அரிசி மூட்டை. பட்டறை இல்லாமல், கூடத்திலேயே.

4

சாமை மூட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அத்தையிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. இனியா போனை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் காட்டியபடி வந்தாள். அத்தையின் கண்ணுக்குத் தப்புமா?

"இன்னாமா அது, நம்ம சாமப் பை? ஆக்கித் துன்னக் குடுத்தா நாற்காலில குந்த வச்சிகினு கீறீங்க?"

வெனீர் படிவதற்காக என்று விளக்கினேன். நாற்காலிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும், "மேல்மரம் உரிஞ்சிடுச்சு அத்தை. பழசு இல்லையா" என்று முடித்துவிட்டேன்.

"பழசானா இன்னா. நான் இருந்தவரைக்கும் உரிஞ்சுதா? வாராவாரம் கழுவி பளபளன்னு வச்சிருந்தேன். நான் போனதும் நீங்க வுட்டுட்டீங்க. பரவால்ல ரேவதி, மாசமா கீற, உன்னால ஆவாது. நான் வந்து பாத்துக்கறேன்."

திரையில் அவர் முகத்தில் துளிக் குற்றச்சாட்டும் இல்லை. என் மீது இரக்கம்தான் இருந்தது. போனை வைத்த பிறகு நான் குக்கரை எடுத்து மறுபடி மூட்டைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

அந்தச் சாமை வெள்ளிமலையில் வாங்கியது. அத்தை எப்போதும் அங்கேதான் வாங்குவார். கல்யாணமான புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனார். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து மலையேறும் அந்த வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மேலே போனதும் டீக்கடையில் ஒரு பலகை பெஞ்சு. நான் தள்ளாடிப்போய் உட்காரப் போனேன். அத்தை கையால் தடுத்து நிறுத்தினார். கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊற்றி, கையால் தேய்த்து வழித்துவிட்டார். "கண்டவனும் குந்துற பெஞ்சு. இப்ப குந்தும்மா, கழுவிட்டேன்." நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தேன். புதுப்பட்டு நனைந்து முழுநாளும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும்வரை எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு யோசித்தேன். அந்தக் கடையில் எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள், பெஞ்சைக் கழுவி உட்காரவைக்கப்பட்டவள் நான் ஒருத்திதான்.

இப்போதும் எனக்கு அந்த எரிச்சலும் இந்த நினைப்பும் சேர்ந்தேதான் வருகின்றன. தனித்தனியாகப் பிரிக்க முடிந்திருந்தால் இந்நேரம் ஒன்று கோபித்துக்கொண்டிருப்பேன், அல்லது சிரித்திருப்பேன்.

5

ஒருவழியாக வெனீர் படிந்தது. விளிம்பைச் சீவி, உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து, எண்ணெய் பூசினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நிறம் ஒன்றைத் தவிர. மற்ற நான்கும் தேன் நிறம். இந்த இரண்டும் உரித்த உருளைக்கிழங்கு. டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரை மிச்சத் துண்டில் தடவிப் பார்த்தேன், சாம்பல் பூத்தது. வெயில் பட்டால் தானாக நிறம் ஏறும் என்றார் போவுல். நவம்பரில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? நம் வீட்டு மொட்டை மாடியில் மாசி மாதத்தில் வற்றலோடு வற்றலாகக் காயவைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

பிறந்தநாளுக்கு முன்தினம் மாலை, ஆறையும் கணவர் மேலே தூக்கிப் போனார். நானும் இனியாவும் பின்னால். இங்கர் ஒவ்வொன்றையும் மேசையோரம் வைத்து, முதுகைத் தடவி, உட்கார்ந்து பார்த்தார். வெளுத்த இரண்டிடம் வந்ததும் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார். இதை நீ செய்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். அவர் சும்மா பாராட்டுபவர் அல்ல. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு, எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"ஹீட்டர்" என்றார் என் கணவர். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், சூட்டில் பசை விட்டுவிட்டது என்று விவரமாகவே சொன்னார். அதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. பாதியை மட்டும் சொன்னார்.

இனியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, எனக்கு வாய்க்காத அந்தச் சுத்தமான டேனிஷில் சொன்னாள்: "இல்லை. ஆயா நாற்காலிகளைக் குளிப்பாட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். வெந்நீரில். நானும் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் ஹீட்டர்." பாட்டியைக் குறிக்கும் ஆயா என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டிருந்தாள்.

இங்கர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வெளுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவருக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அவர் மீண்டும் வருகிறார் அல்லவா?"

ஜனவரியில் என்றேன்.

"அப்படியானால் அவரிடம் சொல்ல வேண்டும். உனக்குக் கடினம் என்றால் நானே சொல்கிறேன். அவரைக் காப்பிக்கு அழைத்து, இந்த நாற்காலிகளில் ஒன்றிலேயே உட்காரவைத்துச் சொல்கிறேன். இனியா மொழிபெயர்ப்பாள்."

இனியா மிகுந்த பெருமையோடு தலையாட்டினாள்.

அத்தை வருத்தப்படுவார் என்று என்னால் முடிந்தமட்டும் சொல்லிப் பார்த்தேன். இங்கருக்கு விளங்கவில்லை. வளர்ந்த ஒரு பெண்ணிடம் உண்மையை மறைப்பது அவரைக் குழந்தையாக நடத்துவது இல்லையா என்று கேட்டார். நாற்காலி போனது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது அசிங்கம் என்றார். அவர் சொல்வது நியாயம்தான். என் ஓரகத்தி சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அத்தை கையில் வாளியோடு நிற்கிறார்.

படியிறங்கும்போது என் கணவர் இனியாவிடம், பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்றார். அவள் டேனிஷில் ஏன் என்று கேட்டாள்.

6

அத்தைக்கு விசா வந்துவிட்டது. அதற்கு நாங்கள் பட்ட பாடு தனி. திரும்பி ஊருக்குப் போய்விடுவார் என்பதற்கு அவர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டவரிடம் என்ன இருக்கும்? கிராம அலுவலகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அலைந்து மூத்தவர் ஏதேதோ சான்றிதழ் வாங்கிச் சேர்த்தார். அத்தைக்கு அதெல்லாம் கவலையில்லை. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீர்வது என்று முடிவு செய்து நானே அழைத்தேன். இனியாவைக் கணவரோடு கடைக்கு அனுப்பிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாடம் எடுக்கப் போவதுபோல. முதலில் மரம் எப்படி ஒட்டப்படுகிறது என்பது. பிறகு பசை. பிறகு தண்ணீர். யார் மேலும் தப்பில்லை என்பது கடைசியில்.

"அத்தை, அந்த நாற்காலிங்களப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"இரு இரு, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று எழுந்து போனார். திரும்பி வரும்போது கை நிறைய ஏதோ இருந்தது. பீர்க்கங்காய் நார். காய்ந்து, விதை உதிர்த்து, நீளம் நீளமாக. "அங்க கீற பஞ்சுல தேய்ச்சா அழுக்கே போவலம்மா. அதுக்குன்னே வேலில நாலு கொடி ஏத்தி வுட்டேன். பெரியவ கேக்கறா, இவ்ளோ காய முத்த வுட்டுட்டீங்களே, குழம்புக்காச்சும் ஆயிருக்குமேன்னு. நான் சொல்லிட்டேன், எம் மருமவ வூட்ல ஆறு நாற்காலி கீது, அந்த மேல்வூட்டு அம்மாளுதும் சேத்துக் கழுவணும்னு." நாரை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நல்ல நார்கள். "நீ இன்னாமோ சொல்ல வந்தியே?"

குளிர் அதிகம், ஸ்வெட்டர் மறக்காமல் எடுத்து வையுங்கள் என்றேன்.

பிறந்தநாள் முடிந்ததும் இங்கர் அந்த வெளுத்த நாற்காலிகள் இரண்டையும் எங்களுக்கே என்று கீழே அனுப்பிவிட்டார். என் கைபட்டவை என்னிடம் இருக்கட்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அவை இப்போது கூடத்தில் நிற்கின்றன. அத்தை வந்து இறங்கியதும் கண்ணில் படப்போவது அவைதான். மேல்மாடியில் காப்பி தயாராக இருக்கும். இனியா டேனிஷிலிருந்து தமிழுக்கு மாற்ற வேண்டிய சொற்களை இப்போதே என்னிடம் கேட்டுப் பழகுகிறாள். இரண்டு வருடத்தில் அவள் தமிழ்ச் சொல் கேட்டு என்னிடம் வருவது இதுதான் முதல் முறை. சொல்லித் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

இதைப் படிப்பவர்களில் மாமியார்களும் இருப்பீர்கள், மருமகள்களும் இருப்பீர்கள். அத்தையை வருத்தாமல் வெந்நீரை நிறுத்தும் வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். "உண்மையைச் சொல்லிவிடு" என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்கே தெரியும். எந்த வாக்கியத்தில் தொடங்க வேண்டும் என்று எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்லும் இரண்டாவது வீடாக என் வீடு ஆகாமல் இருக்க, வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவ அவருக்கு வேறு என்ன பொருளைக் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். அவர் கிளம்புமுன் தெரிந்தால் நல்லது. நார்கள் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. மடங்காமல் இருக்க வேண்டும் என்று கடைசியில் மேலாக வைக்கப் போகிறாராம்.